ஹிஜாப்: கட்டளை யாருக்கு?

(டிரஸ்டின் கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி, கரையான்சாவடி என்று பல இடங்களிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ். கல்வியின் சிறப்பைப் பற்றி ஒவ்வொரு வருடமும் பேசிவிட்டோம். இந்த வருடம் விண்ணப்பங்களை வாங்கும்போது நம் காதில் திரும்பத் திரும்ப விழுந்த ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்தோம்.

விண்ணப்பம் கொண்டுவந்த ஒரு தாய், "அந்த காலேஜ்ல புர்கா போட விடுவாங்களா பாய்?" என்று கேட்டார். இன்னொரு வீட்டிலிருந்து மகளின் அண்ணன் வந்தார். "நிகாப் போட்டுக்கிட்டுப் போறதா இருந்தா படிக்கட்டும், இல்லைன்னா வேணாம்" என்றார். முதல் கேள்வி வெளியிலிருந்து வரும் பயம். இரண்டாவது வீட்டுக்குள்ளிருந்து வரும் நிபந்தனை. இரண்டிலும் பணயம் வைக்கப்படுவது அந்தப் பெண்ணின் படிப்புதான். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே முதலில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நாம் ஹிஜாப் என்று சொல்லும் உடைக்கு குர்ஆனில் வரும் பெயர் ஹிஜாப் அல்ல. ஹிஜாப் என்றால் திரை, தடுப்பு. அல்அஹ்ஸாப் சூராவில் (33:53) நபியவர்களின் மனைவியரிடம் ஏதேனும் கேட்பதானால் திரைக்கு அப்பால் இருந்து கேளுங்கள் என்று வரும் இடத்தில் அந்தச் சொல் இருக்கிறது. பெண்களின் உடைக்கு வரும் சொற்கள் இரண்டு. கிமார், அதாவது தலையை மூடும் துணி (24:31). ஜில்பாப், அதாவது மேலே போர்த்தும் ஆடை (33:59). தலைத்துணியைக் கொண்டு மார்பையும் மறைத்துக்கொள்ள வேண்டும், தானாக வெளியே தெரிபவை தவிர அலங்காரத்தை வெளிக்காட்டக்கூடாது என்பது அந்நூர் சூராவின் கட்டளை. நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் இதைக் கடமை என்றே எடுத்தார்கள். இதில் குழப்பம் வேண்டாம்.

ஆனால் அந்நூர் சூராவை வரிசையாக ஓதிப் பாருங்கள். பலரும் 31ஆம் வசனத்தை மட்டும் மேடையில் எடுத்துப் பேசுகிறோம். அதற்கு முன்னால் என்ன வருகிறது? நான்காவது வசனத்தில், ஒழுக்கமுள்ள பெண் மீது பழி சொல்லிவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடி என்றும், அவனுடைய சாட்சியத்தை இனி ஒருபோதும் ஏற்காதீர்கள் என்றும் வருகிறது. 11ஆம் வசனத்திலிருந்து அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் கட்டிவிட்ட அவதூறையும், அதைக் கேட்டு வாய்க்கு வாய் பரப்பியவர்களையும் அல்லாஹ் கண்டிக்கிறான். 27ஆம் வசனத்தில் அனுமதி பெறாமல், ஸலாம் சொல்லாமல் அடுத்தவர் வீட்டில் நுழையாதீர்கள் என்கிறான். 30ஆம் வசனத்தில் முஃமினான ஆண்களே பார்வையைத் தாழ்த்துங்கள் என்று ஆண்களிடம் சொல்கிறான். இத்தனையும் வந்த பிறகுதான் பெண்ணின் முந்தானைக்கு முறை வருகிறது. பெண்ணின் மானத்தைச் சுற்றியிருப்பவர்களின் நாக்கு, கால், கண் எல்லாவற்றுக்கும் கடிவாளம் போட்டுவிட்டு அதன் பிறகே அவளிடம் பேசுகிறான் ரப்புல் ஆலமீன். நாம் அந்த நான்கையும் தாண்டிக் குதித்து நேராக ஐந்தாவதற்கு வந்துவிடுகிறோம்.

புகாரியில் ஒரு ஹதீஸ். இறுதி ஹஜ்ஜின்போது இளைஞரான ஃபழ்லு இப்னு அப்பாஸ் (ரலி) நபி (ஸல்) அவர்களின் வாகனத்தில் பின்னால் அமர்ந்திருந்தார்கள். கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர், வாகனத்தில் அமர முடியாத அளவு முதுமை அடைந்த தம் தந்தைக்காகத் தாம் ஹஜ் செய்யலாமா என்று சட்டம் கேட்க வந்தார். ஃபழ்லு அந்தப் பெண்ணையே பார்த்தார்கள். நபியவர்கள் திருப்பியது ஃபழ்லின் முகத்தை. கேட்ட கேள்விக்கு, செய்யலாம் என்று பதிலும் சொன்னார்கள். அந்தப் பெண் இஹ்ராமில் இருந்தார், அதனால் முகம் மூடவில்லை என்று விளக்கம் சொல்லும் ஆலிம்களும் உண்டு. அது வேறு விவாதம். யாருடைய முகம் திருப்பப்பட்டது என்பதை நம் வாலிபப் பிள்ளைகள் மனதில் வைத்தால் போதும்.

முகத்தை மறைப்பது பற்றி: ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால நூல்களில் அன்னிய ஆண்களின் முன் முகத்தையும் மறைக்க வேண்டும் என்ற கருத்து வலுவாக இருக்கிறது. ஹனஃபியில் முகமும் முன்கைகளும் அவ்ரத் அல்ல. ஃபித்னாவை அஞ்சினால் மறைக்கச் சொன்னார்கள். நம் பகுதியில் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த ஷாஃபிஈகளும் இருக்கிறோம்; வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஹனஃபிகளும் இருக்கிறோம். ஒரே அபார்ட்மெண்டில் மேல் வீட்டில் நிகாப், கீழ் வீட்டில் தலைத்துணி. இரண்டுக்கும் இமாம்களின் ஆதாரம் இருக்கிறது. ஒருவரை ஒருவர் குறை சொல்லும் பேச்சை நிறுத்திக்கொண்டால் நல்லது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நன்னிமார்கள் என்ன உடுத்தினார்கள்? கடற்கரை ஊர்களில் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி. மற்ற ஊர்களில் சேலை முந்தானையையே தலையில் இழுத்துப் போட்டார்கள். கறுப்பு அபாயா நம் ஊர்த் தெருக்களில் பரவலானது வளைகுடாவுக்கு நம் ஆட்கள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு. அதில் தவறில்லை, வசதியான உடைதான். ஆனால் ஷரீஅத் கேட்பது மறைப்பு, தளர்ச்சி, உடல் தெரியாத துணி. கறுப்பு என்று எங்கும் நிபந்தனை இல்லை. வெயிலில் ஆவடி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பிள்ளைக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இப்போது நீதிமன்றத்துக்கு வருவோம். நம் பிள்ளைகள் பயப்படுவதற்குக் காரணம் உடுப்பியில் நடந்தது. அங்குள்ள அரசு மகளிர் பியு கல்லூரியில் தலைத்துணியோடு வந்த மாணவிகளை வகுப்பில் அனுமதிக்கவில்லை. 2022 பிப்ரவரி 5 அன்று கர்நாடக அரசு சீருடை பற்றி ஆணை போட்டது. மார்ச் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம், ஹிஜாப் இஸ்லாத்தில் இன்றியமையாத வழக்கம் அல்ல என்று தீர்ப்பளித்தது. அதற்கு அந்த நீதிபதிகள் பெரிதும் எடுத்துக்கொண்டது அப்துல்லாஹ் யூசுஃப் அலி அவர்களின் ஆங்கிலத் தர்ஜுமாவும் அதன் அடிக்குறிப்புகளும். மத்ஹபுகளின் ஃபிக்ஹு நூல்கள் இத்தனை இருக்க ஒரு தர்ஜுமாவின் அடிக்குறிப்பில் நம் பிள்ளைகளின் வருடம் போனது என்பது நமக்கு இன்னும் ஜீரணிக்க முடியாத விஷயம்.

இன்றியமையாத வழக்கமா இல்லையா என்று பார்க்கும் முறை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1954இல் சென்னை மாகாணத்து இந்து அறநிலைய ஆணையருக்கும் சிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு மதத்தில் எது இன்றியமையாதது என்பதை அந்த மதத்தின் கொள்கைகளைக் கொண்டே அறிய வேண்டும் என்பது அதன் சாரம். அந்த சிரூர் மடம் உடுப்பியின் எட்டு மடங்களில் ஒன்று. மடத்தின் உரிமையைக் காக்க வந்த சொல் அதே ஊரில் நம் பெண் பிள்ளைகளுக்கு வாசலில் தாழ்ப்பாளாக ஆனது.

உச்ச நீதிமன்றத்தில் 2022 அக்டோபர் 13 அன்று இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார். நீதிபதி சுதான்ஷு தூலியா, இன்றியமையாத வழக்கமா என்ற ஆராய்ச்சியே இங்கு தேவையில்லை, இது அந்தப் பெண்ணின் தேர்வு என்றார். கிராமங்களிலும் சிற்றூர்களிலும் ஒரு பெண் பிள்ளை வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பள்ளிக்கு வருவதே எத்தனை சிரமம், தலைத்துணியைக் காட்டி அவளைத் தடுத்தால் அவள் வாழ்க்கை மேம்பட்டுவிடுமா என்ற பொருளில் கேட்டார். தேசிய கீதம் பாட மறுத்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட கேரளத்தின் மூன்று கிறிஸ்தவப் பிள்ளைகளை 1986இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் பள்ளியில் சேர்க்கச் சொன்னதையும் எடுத்துக்காட்டினார். பெரிய அமர்வு முடிவு செய்யட்டும் என்று வழக்கு தலைமை நீதிபதியின் முன் வைக்கப்பட்டது. பிறகு 2024 ஆகஸ்டில் மும்பை செம்பூரில் ஒரு கல்லூரி ஹிஜாப், தொப்பி போன்றவற்றைத் தடுத்துப் போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் பகுதியாக நிறுத்தி வைத்தது. பொட்டும் திலகமும் வைத்து வருபவர்களையும் தடுப்பீர்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஆனால் வகுப்புக்குள் முழு புர்கா கூடாது என்பதை அப்போது ஏற்றுக்கொண்டார்கள். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதியைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது நம் பழக்கம் அல்ல.

தமிழ்நாட்டில் கர்நாடகத்தைப் போன்ற ஆணை கிடையாது. 2022 பிப்ரவரி 19 உள்ளாட்சித் தேர்தலில் மதுரை மாவட்டம் மேலூரில் ஹிஜாபோடு ஓட்டுப் போட வந்த பெண்ணை ஒரு பா.ஜ.க. முகவர் எதிர்த்தபோது, மற்றக் கட்சி முகவர்களும் எதிர்ப்புத் தெரிவித்து அந்த முகவர்தான் வெளியேற்றப்பட்டார். அந்தச் சகோதரி ஓட்டுப் போட்டார். நம் சென்னை உயர் நீதிமன்றம் 2006லேயே ஒரு வழக்கைப் பார்த்திருக்கிறது. வாக்காளர் பட்டியலில் கோஷாப் பெண்களின் புகைப்படம் கூடாது என்று மதுரையிலிருந்து ஒருவர் போட்ட மனு. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே, முகத்தை மூடும் பர்தா கட்டாயம் அல்ல, தலையைத் துணியால் மூடுவது கடமை என்பதில் முஸ்லிம் அறிஞர்களிடையே ஏறக்குறைய ஒருமித்த கருத்து இருப்பதாகப் பதிவு செய்தது. அன்று நமக்கு எதிரான தீர்ப்பாகத் தெரிந்தது. பிறகு உடுப்பிப் பிள்ளைகளுக்காக வாதாடியவர்கள் கையில் அது ஆதாரமாயிற்று.

இதுவரை சொன்னது மற்றவர்களைப் பற்றி. இனிச் சொல்வது நம்மைப் பற்றி.

2023 மார்ச் 27. வேலூர்க் கோட்டை. ஆண் நண்பர் ஒருவரோடு வந்திருந்த ஒரு பெண்ணைச் சிலர் சூழ்ந்துகொண்டு, ஹிஜாபைக் கழற்று என்று மிரட்டி, அதை செல்போனில் படமும் பிடித்துப் பரப்பினார்கள். முதலில் செய்தி வந்தபோது உடுப்பிக் காற்று இங்கும் வந்துவிட்டதே என்று நம் வாட்ஸ்அப் குழுக்கள் கொதித்தன. காவல்துறை ஒரு சிறுவன் உட்பட ஏழு பேரைப் பிடித்தது. பெயர்கள் வெளிவந்தபோது குழுக்களில் சத்தமில்லை. அதில் நம் சமுதாயத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். ஹிஜாபின் கண்ணியத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு முஸ்லிம் பெண்ணின் ஹிஜாபைக் கழற்றச் சொன்னார்கள். அன்னிய ஆணோடு தனித்திருப்பது மார்க்கத்தில் கூடாது, அது வேறு பேச்சு. ஆனால் துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று அல்லாஹ் தடுத்ததை (49:12) இவர்கள் செய்தார்கள். பழி பரப்பாதீர்கள் என்பதையும் மீறினார்கள். பார்வையைத் தாழ்த்தச் சொன்ன கண்ணால் கேமராவில் பார்த்தார்கள். நாம் மேலே பார்த்த அந்நூர் சூராவின் வசனங்கள் ஒவ்வொன்றும் அந்தக் கோட்டை வாசலில் மீறப்பட்டது. வீடியோவைப் பகிர்பவர் மீதும் வழக்கு என்று காவல்துறை எச்சரிக்க வேண்டியதாயிற்று. நம் பகுதியில் எத்தனை போன்களில் அது வந்தது, எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினோம் என்பது அவரவருக்குத் தெரியும்.

பெண்ணுரிமை பேசுபவர்கள் சிலர், ஹிஜாப் அணிபவள் எல்லாம் அடிமை என்கிறார்கள். அதை நாம் ஏற்கவில்லை. நம் பிள்ளைகள் பலர் வீட்டில் யாரும் சொல்லாமலே, சில வீடுகளில் தாய் அணியாதபோதும், தாங்களே விரும்பி அணிகிறார்கள். அவர்களைப் பார்த்து உனக்கு விவரம் தெரியாது, நாங்கள் விடுதலை தருகிறோம் என்பதும் ஒரு விதமான அதிகாரம்தான். ஆனால் அதே நேரத்தில், நம் எல்லா வீடுகளிலும் அது விருப்பத்தால்தான் நடக்கிறது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

ஈரானைப் பாருங்கள். 1936இல் மன்னர் ரிசா ஷா, பெண்கள் தலையை மூடக்கூடாது என்று ஆணையிட்டார். போலீஸ் தெருவில் துணியைப் பறித்தது. வெளியே வர வெட்கப்பட்டு வீட்டிலேயே அடைந்துகொண்ட பெண்கள் பலர். 1979 புரட்சிக்குப் பிறகு, மூடியே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. 2022 செப்டம்பரில் மஹ்ஸா அமீனி என்ற 22 வயதுப் பெண் ஹிஜாப் சரியில்லை என்று பிடித்துச் செல்லப்பட்டு, காவலில் இருந்த நிலையில் இறந்தார். அதன் பிறகு அந்த நாட்டின் தெருக்களில் பெண்கள் தலைத்துணியைத் தீயிலிட்டார்கள். தடியால் கழற்றவும் முடியவில்லை, தடியால் போர்த்தவும் முடியவில்லை. ஆப்கானிஸ்தானில் ஹிஜாபுக்குள்தான் இருக்கிறார்கள் பெண்கள். இருந்தும் ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக் கதவு மூடிக் கிடக்கிறது. பெண்களின் கல்வியைத் தடுப்பது ஷரீஅத்துக்கு முரணானது என்று அல்அஸ்ஹரின் பேரிமாம் அஹ்மத் அத்தய்யிப் அவர்கள் பகிரங்கமாகவே சொன்னார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா ஒன்பதாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். அவருடைய எழுத்தில் நமக்கு உடன்பாடில்லாத இடங்கள் நிறைய உண்டு. ஆனால் அவர் சொன்ன அந்த அடைப்பு பொய் அல்ல. வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்துவது அன்று நம் பல ஊர்களில் வழக்கம். அவர் பேரூராட்சித் தலைவரானார், இன்று மாநிலங்களவை உறுப்பினர். படிப்பை நிறுத்தப்பட்டவர்களில் நமக்குத் தெரிந்த மற்றப் பெயர்கள் எத்தனை? நம் தாய்மார்கள், மாமிமார்கள், பெரியம்மாமார்களில் எத்தனை பேர்?

வேறு வழியில் போனவர்களும் நம்மிடையே இருந்தார்கள். 1938லேயே நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் நாவல் எழுதி வெளியிட்டார்கள். 1955இல் நீதிபதி பஷீர் அஹ்மத் சயீத் சென்னையில் பெண்களுக்கென்று கல்லூரி தொடங்கினார், எஸ்.ஐ.இ.டி. என்று நம் தாய்மார்களுக்குத் தெரியும். இந்தியாவின் உச்ச நீதிமன்றத்துக்கு 1989இல் முதல் பெண் நீதிபதியாகப் போனவர் பாத்திமா பீவி. பிறகு நம் மாநிலத்துக்கே கவர்னராக வந்தார். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு எடுத்த அவர் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

நம் டிரஸ்டின் விஷயம் ஒன்று பாக்கி. ஹிஜாப் அணியும் மாணவிகளுக்கு மட்டும் உதவித்தொகை என்று விதி போடலாமே என்று நிர்வாகக் குழுவில் நல்ல எண்ணத்தோடு ஒரு யோசனை வந்தது. நாம் ஏற்கவில்லை. நம் நிதியில் பெரும் பகுதி ஜகாத். அதைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரை அல்லாஹ்வே பெயர் சொல்லி வைத்திருக்கிறான் (9:60). ஏழை, வறியவர், கடனாளி என்று வரும் அந்தப் பட்டியலில் உடையைப் பற்றி ஒன்றும் இல்லை. அவன் வைக்காத நிபந்தனையை அவனுடைய பணத்துக்கு நாம் வைக்க முடியாது. ஆகவே படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை, இனியும் இருக்காது, இன்ஷா அல்லாஹ். ஹிஜாப் அணியாத பிள்ளைக்கு நஸீஹத் செய்யலாம், அன்பாக, தனியாக, அவள் தாய் செய்வது போல. நிய்யத் இல்லாமல் தொழுகை கூடாது என்று படித்த நாம், அண்ணனுக்குப் பயந்து தெருமுனை வரை அணிந்துவிட்டு பஸ்ஸில் ஏறியதும் பையில் வைக்கிற துணியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நடைமுறையில் சில. நீட் எழுதும் பிள்ளைகள் தேர்வு மையத்துக்கு முன்கூட்டியே போய்விட வேண்டும். சமய வழக்க உடையில் வருபவர்களைச் சோதனைக்காக முன்னதாக வரச் சொல்லி தேர்வு முகமையின் கையேட்டிலேயே இருக்கிறது. பெண் அலுவலர் சோதிப்பார், மறுக்க வேண்டாம். கேரள உயர் நீதிமன்றம் 2015லும் 2016லும் நம் பிள்ளைகளுக்கு அனுமதி கொடுத்தது இந்த நிபந்தனையோடுதான். வேதியியல் ஆய்வகத்தில் நைலான் அபாயா தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தித் தலைத்துணியை உள்ளே செருகிக் கட்டி, மேலே ஆய்வகக் கோட் போட்டால் மறைப்பும் ஆயிற்று, பாதுகாப்பும் ஆயிற்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷினில் வேலை செய்யும் நம் சகோதரிகளுக்கும் இதுதான். தொங்கும் துணி எதுவானாலும் மெஷின் பக்கத்தில் ஆபத்து. கல்லூரியில் யாரேனும் தலைத்துணிக்குத் தடை சொன்னால் வாசலில் சண்டை வேண்டாம், வீடியோ வேண்டாம். தடையை எழுத்தில் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு டிரஸ்டுக்கு வாருங்கள். நம் குழுவிலுள்ள வக்கீல் சகோதரர்கள் முதல்வரைச் சந்தித்துப் பேசுவார்கள். அதுவரை பிள்ளை வகுப்பை விட வேண்டாம்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொன்னோம் அல்லவா. அவரும் தங்கையும் தாயும் சேர்ந்து அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து பேசினார்கள். தங்கை தலைத்துணியோடு பி.காம். சேர்ந்திருக்கிறாள். நிகாப் பற்றி அவளே பிறகு முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். அண்ணன் இன்னும் முழு மனதாக இல்லை. ஆனால் முதல் தவணை பீஸ் அவர் கட்டியதுதான்.

இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவிகள் புதுப்பித்தல் படிவத்தை இன்றே வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அலுவலகத்தில் அஸர் தொழுகைக்குப் பின் கிடைக்கும். மதிப்பெண் பட்டியல் நகல் அவசியம். மாணவியின் கையெழுத்தை மாணவியே போட வேண்டும்.